உடலின் பதிவும் நீதிமன்றச் சான்றும்

நடந்த அடிகளையும் இதயத்துடிப்பையும் உறக்கத்தையும் இடையறாது பதிந்துகொள்ளும் உடலணிக் கருவிகள் உடல்நலம் பேணும் பொருட்டே விற்பனைக்கு வந்தன. இன்று அவை குற்ற விசாரணைகளிற் சான்றாகவும் முன்வைக்கப்படுகின்றன. இதனை விஞ்ஞானத்தின் வெற்றியெனப் போற்றுவதும் வேவுபார்த்தலென முற்றாக ஒதுக்குவதும் பிரச்சினையை எளிமைப்படுத்துவனவாகும் என்பதே எமது கருத்து.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து எலிங்டன் என்னும் ஊரில், 2015 டிசெம்பர் 23ஆம் திகதி, ஒரு பெண் தமது வீட்டிற் சுட்டுக் கொல்லப்பட்டார். முகமூடியணிந்து புகுந்த ஒருவனே கொலையாளி என்றார் கணவர். ஆனால், அப்பெண் அணிந்திருந்த ஃபிட்பிட் கருவியின் பதிவோ, கணவர் கூறிய நேரத்தின் பின்னரும் ஏறத்தாழ ஒரு மணிநேரம் அவர் நடமாடியதைக் காட்டிற்று. வீடு திரும்பிய பின் அவர் 1,217 அடி தூரம் நடந்திருந்தார். இறுதி அசைவு மு.ப. 10.05க்குப் பதிவாகியிருந்தது. கணவர் 2022இல் குற்றவாளியாகக் காணப்பட்டு 65 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். வீட்டு அபாய அறிவிப்புக் கருவி, கணினி, தொலைபேசி ஆகியவற்றின் பதிவுகளும் அவ்வழக்கிற் பயன்பட்டன. எனினும், நடந்ததைக் கூற உயிருடன் எஞ்சியவர் கணவர் ஒருவரே என்ற நிலையில், இல்லத்து வன்முறையில் ஆணின் கூற்றே உண்மையாக நிலைபெறும் வழமையை இச்சிறு கருவி தகர்த்தமையை முற்போக்காளர் மறத்தலாகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே 2015இல் பென்சில்வேனியாவில், பாலியல் வன்முறைக்கு உள்ளானதாக முறையிட்ட ஒரு பெண், தாம் உறங்கியதாகக் கூறிய வேளையில் நடமாடினார் எனக் கருவியின் பதிவைக் காட்டி, பொலிஸார் அவர்மீதே பொய் முறைப்பாட்டுக் குற்றஞ் சாட்டினர். வேறு தடயங்களும் அங்கு இருந்தன. ஆயினும், முறையிட்டவரின் உடலே அவருக்கு எதிரான சாட்சியாக நிறுத்தப்படுமாயின், ஏனைய பெண்கள் பொலிஸ் நிலையப் படியேறத் தயங்குவர் என்ற அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று.

உண்மையில், கருவி 'அடி' எதனையும் காண்பதில்லை. அது அறிவது அதிர்வையே. எந்த அதிர்வை அடியெனக் கொள்வது என்பதைக் கம்பனியின் கணிப்புமுறை தீர்மானிக்கின்றது. மெதுவான நடை எண்ணப்படாது போகலாம். கையசைவு நடையாக எண்ணப்படலாம். ஆகவே நீதிமன்றின் முன் வரும் எண் ஏற்கெனவே ஒருமுறை வியாக்கியானம் செய்யப்பட்டதொன்று. (பாடபேதங்களோடு மல்லாடும் எம்மனோர்க்கு இது புதுமையன்று.) ஆனால் ஏட்டுச் சுவடியை எவரும் மீளப் படிக்கலாம், இக்கணிப்புமுறையோ வர்த்தக இரகசியம்.

உடைமையுறவு இங்குதான் வெளிப்படுகின்றது. உழைப்பவரின் நடை, மூச்சு, துயில் யாவும் முதலிற் பண்டமாகிக் கம்பனியின் களஞ்சியத்தை அடைகின்றன. பின்னரே அவை சான்றாகின்றன. ஃபிட்பிட் நிறுவனத்தைக் கூகிள் வாங்கும் நடவடிக்கை 2021 ஜனவரியில் நிறைவுற்றது. மூன்றாந் தரப்பிடம் விரும்பி ஒப்படைத்த தகவலில் அந்தரங்க உரிமை இல்லையென்பது 1979இல் அமெரிக்க உயர் நீதிமன்று உறுதிப்படுத்திய கோட்பாடு. கைத்தொலைபேசியின் நீண்டகால இடப்பதிவுகளைப் பெறப் பிடியாணையை ஒத்த நீதிமன்ற ஆணை வேண்டுமென 2018இல் அதே மன்று கூறியதாயினும், அத்தீர்ப்பு குறுகிய எல்லைக்கு உட்பட்டதே. அரச தரப்பு ஆணை பெற்றுப் பதிவுகளைப் பெறும், நிபுணரையும் அமர்த்தும். வசதியற்ற எதிரியின் சட்டத்தரணி அக்கணிப்புமுறையை எங்ஙனம் குறுக்கு விசாரணை செய்வார்?