குமரி மாவட்டத்துல அடுத்த 10 வருஷத்துக்கு எந்தப் படிப்பு தேவை? சமுதாயக் கல்லூரி எப்படித் திட்டமிடணும்? - எளிய விளக்கம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே முதலிடம். கல்லூரிகளுக்கும் இங்கே பஞ்சம் இல்லை. ஆனா டிகிரி முடிச்ச பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, வளைகுடான்னு கிளம்பிடுறாங்க. இன்னொரு பக்கம், ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்ட ஆள் கிடைக்கலை. வயசானவங்களைப் பார்த்துக்கப் பயிற்சி பெற்ற ஆள் கிடைக்கலை.

ஊர்ல வேலை இருக்கு, அதுக்கான படிப்பு பக்கத்துல இல்லை. இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் சமுதாயக் கல்லூரி.

சமுதாயக் கல்லூரின்னா என்ன?

உள்ளூர் வேலைவாய்ப்பை மையமா வெச்சு, குறைந்த கட்டணத்தில், குறுகிய காலப் படிப்புகளைத் தரும் கல்லூரி இது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1901-ல் தொடங்கிய ஜோலியட் கல்லூரிதான் இதற்கு முன்னோடி. இந்தியாவில் முதல் சமுதாயக் கல்லூரியை 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அடுத்த ஆண்டே சென்னைக்கும் வந்தது. 2013-ல் யுஜிசி இதைத் தேசிய அளவிலான திட்டமாக்கியது.

சாதாரண கல்லூரிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

யுஜிசி திட்டப்படி, 6 மாதம் படிச்சா சான்றிதழ், ஒரு வருஷம் படிச்சா டிப்ளமோ, 2 வருஷம் படிச்சா உயர் டிப்ளமோ. பாடத்தில் சுமார் 60 சதவீதம் தொழில் திறன், மீதி பொதுக்கல்வி. நடுவுல நிறுத்தினாலும் அதுவரை படிச்சதுக்குச் சான்று உண்டு. வயது வரம்பு தடையில்லை என்பதால், குடும்பச் சூழலால் படிப்பை விட்ட பெண்களும் திரும்ப வரலாம்.

ஆனா முக்கியமான வித்தியாசம் வேற. சாதாரண கல்லூரியில் பாடத்திட்டம் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். இங்கே அது ஊரின் தேவையிலிருந்து வரணும்.

குமரியின் எதிர்காலத் தேவைகள் என்னென்ன?

முதியோர் பராமரிப்பு: 2021-ல் தமிழ்நாட்டு மக்களில் சுமார் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் தனியாக வீட்டில். குமரியில் இது பல தெருக்களில் பார்க்கிற காட்சி. ஹோம் நர்ஸ், பிசியோதெரபி உதவியாளர் தேவை கூடுமே தவிர குறையாது.

காற்றாலை: ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதியில் 1990-களில் நிறுவிய சிறிய காற்றாலைகளுக்கு வயசாகிடுச்சு. பழசை மாற்றிப் புதுசு அமைக்க 2024-ல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே கொண்டு வந்தது. கழற்ற, மாட்ட, பராமரிக்க டெக்னீசியன்கள் வேணும்.

மீன்பிடி: தூத்தூர் பகுதி மீனவர்கள் ஆழ்கடல் தொழிலில் பெயர் பெற்றவர்கள். 2017 நவம்பரில் வீசிய ஒக்கி புயல், கரையோடு தொடர்பு இல்லாம கடலில் இருப்பது எவ்வளவு ஆபத்துன்னு காட்டிச்சு. தகவல் தொடர்புக் கருவிகளைப் பழுது பார்க்கிறது, படகு என்ஜின் மெக்கானிசம், மீன் பதப்படுத்துதல் எல்லாமே படிப்பாக வேண்டியவை.

விவசாயம்: கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. குறியீடு மட்டும் போதாது. தரம் பிரிக்க, பேக்கிங் செய்ய, ஏற்றுமதி ஆவணம் தயாரிக்க ஆள் வேணும். ரப்பர், தென்னைக்கும் இதே கதைதான்.

துறைமுகம்: கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பிள்ளைகளுக்கு அது பக்கம்தான். கிடங்கு, சரக்குப் போக்குவரத்து வேலைக்கு இப்பவே தயாராகலாம்.

எப்படித் திட்டமிடணும்?

முதல்ல சர்வே. சுற்றுவட்டாரத்தில் யார் ஆள் எடுக்கிறாங்க, எத்தனை பேர், என்ன சம்பளம்னு நேரில் கேட்கணும். மாவட்டத்தில் ஐடிஐ, பாலிடெக்னிக் ஏற்கெனவே எதைச் சொல்லித் தருதுன்னும் பார்க்கணும். இல்லைன்னா ஒரே படிப்பை எல்லாரும் நடத்துவாங்க.

அடுத்தது, வேலை தருபவர்களைப் பாடத்திட்டக் குழுவில் உட்கார வைக்கணும். மருத்துவமனை, படகு உரிமையாளர், காற்றாலை நிறுவனம்னு துறைக்கு ஒருத்தர். ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டா மட்டும் போதாது. பயிற்சிக்கு அவங்க இடத்தையும் தரணும்.

மூணாவதுதான் ரொம்பக் கஷ்டம்: தேவை தீர்ந்த படிப்பை நிறுத்துறது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு தொழிலுக்கு மாவட்டத்தில் 100 பேர் தேவைன்னு வெச்சுக்குவோம். கல்லூரி வருஷத்துக்கு 40 பேரை அனுப்புது. மூணாவது வருஷமே 120 ஆயிடும். அதுக்குப் பிறகும் அட்மிஷன் போட்டா, அது வேலைக்கான படிப்பு இல்லை, வெறும் சான்றிதழ். ஆசிரியரை நியமிச்சாச்சு, கருவி வாங்கியாச்சுன்னு பல இடங்களில் நிறுத்த மனசு வராது. அதனால் ஒவ்வொரு வருஷமும் மறு ஆய்வு கட்டாயம்.

இதுல சிக்கல் இல்லையா?

இருக்கு. திட்ட நிதியை மட்டும் நம்பித் தொடங்கினால், நிதி நின்றதும் படிப்பும் நின்றுவிடும். சமூக மதிப்பு இன்னொரு சிக்கல். 'இன்ஜினீயரிங் படிக்கலியா?'ன்னு சொந்தக்காரங்க கேட்கிற ஊர்ல, முதியோர் பராமரிப்பு டிப்ளமோவில் பிள்ளையைச் சேர்க்கத் தயக்கம் வரும். முதல் பேட்ச் நல்ல சம்பளத்துல வேலைக்குப் போனாதான் அந்தத் தயக்கம் உடையும்.

சேரும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. சான்றிதழை அங்கீகரிப்பது யார்? யுஜிசியா, பல்கலைக்கழகமா?

2. பயிற்சி எந்த நிறுவனத்தில், எத்தனை வாரம்?

3. போன வருஷம் முடிச்சவங்கள்ல எத்தனை பேருக்கு வேலை கிடைச்சது? அவங்கள்ல ரெண்டு பேர்கிட்ட நேரில் பேச முடியுமா?

4. பின்னாடி டிகிரி சேர்ந்தா, இங்கே பெற்ற கிரெடிட் அங்கே செல்லுமா?

மூணாவது கேள்விக்குத் தெளிவான பதில் வரலைன்னா, பணம் கட்டும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்க.