கார்டில் மைனஸ் காட்டுகிறதா? உஷார்!

கிரெடிட் கார்டு ஆப்பைத் திறக்கிறீர்கள். கட்ட வேண்டிய தொகை வரும் இடத்தில் ‘-6,499’ என்று மைனஸ் போட்டு நிற்கிறது. மாத ஸ்டேட்மென்ட்டில் பார்த்தால் தொகைக்குப் பக்கத்தில் ‘சிஆர்’ என்று ஒட்டியிருக்கிறது. உடனே பதறி, ஏதோ பாக்கி போலிருக்கிறது என்று அதே தொகையை மறுபடி கட்டிவிடாதீர்கள்! அப்படிக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மைனஸுக்கும் ‘சிஆர்’ என்பதற்கும் அர்த்தம், வங்கிதான் உங்களுக்குப் பணம் தர வேண்டும் என்பது. மறுபடி கட்டினால் இன்னொரு 6,499 ரூபாயும் போய் அதோடு சேர்ந்துகொள்ளும்.

இப்படிப் பணம் சேருவது சர்வசாதாரணம். ஆன்லைனில் மிக்ஸி வாங்கி, பில்லும் கட்டியாகிவிட்டது. ஜார் சரியில்லை என்று திருப்பி அனுப்பினால், ரீஃபண்ட் வங்கிக் கணக்குக்கு வராது, கார்டுக்குத்தான் போகும். ஆட்டோ டெபிட் போட்டிருப்பதை மறந்து, கெடு தேதிக்கு முந்தின நாள் யுபிஐ-யில் நாமே கட்டிவிடுவோம். மறுநாள் ஆட்டோ டெபிட்டும் தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். அவசரத்தில் ஒரு சைபர் கூடி 5,400 ரூபாய் 54,000 ஆவதும் நடக்கிறது.

“நம்ம பணம்தானே, கிடக்கட்டும்” என்பதுதான் பலருடைய பதில். ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் என்றால் சரி. தினமும் தேய்க்கிற கார்டாக இருந்தால் அடுத்த மாத மளிகையில் கழிந்துவிடும். பெரிய தொகையை அப்படி விடாதீர்கள். நாம் பாக்கி வைத்தால் மாதம் 3 சதவிகிதத்துக்கு மேல் வட்டி போடும் கார்டுகள் ஏராளம். நம் பணம் அங்கே கிடந்தால் பொதுவாக ஒரு பைசா வட்டி கிடையாது. அதிகம் பயன்படுத்தாத கார்டு என்றால் ஆண்டுக் கட்டணமும் அதற்கு 18 சதவிகித ஜிஎஸ்டியும் அந்தப் பணத்திலிருந்தே சத்தமில்லாமல் கழியும். சொந்தப் பணம்தானே என்று ஏடிஎம்மில் எடுக்கவும் போகாதீர்கள். கார்டில் ரொக்கம் எடுப்பதற்கான கட்டணம் அப்போதும் விழலாம்.

இ.எம்.ஐ-யில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முப்பதாயிரம் ரூபாய் போனை இ.எம்.ஐ-யாக மாற்றியிருக்கிறீர்கள். போன் பிடிக்கவில்லை, திருப்பி அனுப்பிவிட்டீர்கள். முப்பதாயிரமும் கார்டுக்கு வந்துவிட்டது. ஆனால் பொருள் திரும்பிப் போய்விட்டது என்பதற்காக இ.எம்.ஐ தானாக நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். பல வங்கிகளில் நீங்கள் கூப்பிட்டு ரத்து செய்யச் சொன்னால்தான் நிற்கும். அது தெரியாமல், பேலன்ஸ் இருக்கிறதே என்று முப்பதாயிரத்தையும் செலவழித்துவிடுவீர்கள். அடுத்த மாதமும் தவணை வந்து நிற்கும், வட்டியோடு! பிராசஸிங் கட்டணம் திரும்பி வருவதும் அரிது.

ரீஃபண்ட் வரப்போகிறது என்ற நம்பிக்கையில் இந்த மாத பில்லைக் கட்டாமல் விடுவதும் ஆபத்துதான். கெடு தேதிக்குள் ரீஃபண்ட் வந்தால், அதை உடனே பாக்கியில் கழிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடைக்காரர் தாமதமாக அனுப்பினால்? தாமதக் கட்டணமும் வட்டியும் உங்கள் தலையில்தான். முதலில் பில்லைக் கட்டுங்கள், ரீஃபண்ட் எப்போது வேண்டுமானாலும் வரட்டும்.

சரி, பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி? 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. பில் கட்டிய பிறகு வரும் ரீஃபண்ட், கார்டு லிமிட்டில் 1 சதவிகிதம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டினால், அதை லிமிட்டில் சேர்த்துக்கொள்ளலாமா என்று 7 நாளுக்குள் எஸ்எம்எஸ்ஸிலோ மெயிலிலோ வங்கி உங்களிடம் கேட்க வேண்டும். 2 லட்சம் லிமிட் என்றால் 2,000 ரூபாயைத் தாண்டினாலே கேட்டாக வேண்டும். நீங்கள் பதில் சொல்லாவிட்டால் பணத்தை உங்கள் வங்கிக் கணக்குக்கே அனுப்ப வேண்டும். அதனால் அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று நினைத்து ‘யெஸ்’ தட்டிவிடாதீர்கள்.

தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி, “என் கணக்குக்கு அனுப்புங்கள்” என்று நீங்கள் கேட்டால், 3 வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும். கூடுதலாகக் கட்டிவிட்ட பணத்தையும் இப்படித்தான் கேட்டு வாங்க வேண்டும். போனில் மட்டும் சொல்லிவிட்டு இருக்காதீர்கள். மெயில் அனுப்பி, புகார் எண் வாங்கி வையுங்கள். கார்டை மூடும்போதும் மீதிப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியது வங்கியின் கடமை.

இனிதான் பெரிய உஷார். “சார், உங்க கார்டுல எக்ஸ்ட்ரா பேலன்ஸ் இருக்கு, ரீஃபண்ட் போடணும், ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க” என்று பக்குவமான குரலில் போன் வந்தால், உடனே கட் பண்ணுங்கள். பணம் போடுவதற்கு ஓடிபி தேவையில்லை, சிவிவி-யும் தேவையில்லை. ஆப் இறக்கச் சொல்வது, ஸ்கிரீன் ஷேர் கேட்பது எல்லாமே திருட்டு வேலை. “தெரியாம உங்க கார்டுக்குப் பணம் கட்டிட்டேன், ஜிபே-ல அனுப்பிடுங்க” என்று முன்பின் தெரியாதவர் கெஞ்சினாலும் இரக்கப்பட்டு அனுப்பாதீர்கள். அது வேறு யாரிடமோ திருடிய பணமாக இருக்கலாம், வழக்கு உங்கள் பெயரில் வரலாம். “வங்கியில் புகார் கொடுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓடிபி-யை நாமே சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போகும் பணம் நம் நஷ்டம் என்பது 2017-லிருந்து ரிசர்வ் வங்கி சொல்லிவரும் விதி. அதனால் ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே கார்டை பிளாக் செய்துவிட்டு, சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். கார்டில் கிடக்கும் உங்கள் பணத்தை, புகார் கொடுத்து 30 நாளாகியும் வங்கி தராமல் இழுத்தடித்தால், ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். அதற்கான உதவி எண் 14448, புகாருக்குக் கட்டணம் கிடையாது.