தொடக்க மாணவருக்கான யுகுலேலே

யுகுலேலே என்பது கித்தார் குடும்பத்தைச் சேர்ந்த, நான்கு தந்திகள் கொண்ட சிறிய இசைக்கருவி ஆகும். 1879ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டின் மதீரா தீவிலிருந்து ஹவாய்க்குக் குடியேறியவர்கள் கொண்டுசென்ற சிறு தந்திக்கருவியிலிருந்து இது உருவானது. விலை குறைவு, எடை குறைவு, விரலை வருத்தாத நைலான் தந்தி ஆகிய காரணங்களால் முதன்முதலில் இசை பயில்வோர் பலர் இதை விரும்புகின்றனர்.

அளவுகள்

இதில் நான்கு அளவுகள் உண்டு: சோப்ரானோ (சுமார் 53 செ.மீ.), கான்சர்ட் (58 செ.மீ.), டெனார் (66 செ.மீ.), பாரிடோன் (76 செ.மீ.). சிறுவர் கைக்குச் சோப்ரானோ பொருந்தும். விரல் தடித்தவர்களுக்கு அதன் மெட்டுகள் நெருக்கமாகத் தோன்றும். அவர்களுக்குக் கான்சர்ட் ஏற்றது. இம்மூன்று சிறிய அளவுகளும் வழக்கமாக ஜி, சி, இ, ஏ என்றே சுருதி சேர்க்கப்படும். பாரிடோனின் சுருதி வேறு என்பதால் மற்றவற்றுக்கான பாடங்கள் அதற்கு அப்படியே பொருந்தா.

கர்நாடக இசை பயில்வோருக்கு

'சி' சுருதியை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால், நான்கு தந்திகளும் முறையே ப, ச, க, த என ஒலிக்கும். 'ச' தந்தியின் இரண்டாம் மெட்டில் ரி, 'த' தந்தியின் மூன்றாம் மெட்டில் மேல் ஷட்ஜம் கிடைக்கும். ஆக, முதல் மூன்று மெட்டுகளுக்குள்ளேயே மோகன ராகத்தின் ஆரோகணம் முழுவதையும் வாசித்துவிடலாம். எனினும் வீணையைப் போல் தந்தியை இழுத்துக் கமகம் காட்ட இதில் அவ்வளவு இடமில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

காரைக்குடி சகோதரர்கள் சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் வாசித்துப் புகழ்பெற்ற வீணையில், 24 மெட்டுகளும் மெழுகின்மேல் பதிக்கப்பட்டிருக்கும். சுரம் பிசகினால் மெழுகை மாற்றி மீண்டும் மேளம் கட்டிக்கொள்ளலாம். யுகுலேலேயின் மெட்டுகளோ மரத்தில் அறையப்பட்டவை. பிழையான இடத்தில் அமைந்துவிட்டால் எளிதில் திருத்த இயலாது. எனவே கடையிலேயே சோதிப்பது அவசியம்.

1. ஒவ்வொரு தந்தியையும் வெறுமனே மீட்டிப் பின் 12ஆம் மெட்டில் அழுத்தி மீட்டவும். இரண்டாவது ஒலி சரியாக ஒரு ஸ்தாயி மேலே இருக்க வேண்டும். கைப்பேசியிலுள்ள சுருதிச் செயலி இதற்கு உதவும்.
2. முதல் மெட்டில் லேசாக அழுத்தினாலே தெளிவான ஒலி வர வேண்டும்.
3. பிரடைகள் வழுக்கக் கூடாது. புதிய நைலான் தந்தி சில நாள்கள் நெகிழ்ந்து சுருதி இறங்குவது இயல்பு, அது குறையன்று.
4. மெட்டுகளின் ஓரம் கையைக் கீறக் கூடாது.

சிவகங்கை மாவட்டம் போன்ற வெப்பமான பகுதிகளில், ஒரே மரப்பலகையால் ஆனதைவிட ஒட்டுப்பலகையால் ஆன கருவி தட்பவெப்ப மாற்றத்தை நன்கு தாங்கும். எதுவாயினும் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்துவிடக் கூடாது. நைலான் தந்திக்கென அமைந்த கருவியில் இரும்புத் தந்தி பூட்டினால், இழுவிசை மிகுந்து குதிரை பெயர்ந்துவிடலாம்.

சுருதி நில்லாத பொம்மைக் கருவியில் பயிலும் மாணவர், கருவியின் குறையைத் தம் குறையாகக் கருதி, "எனக்கு இசை வராது" என்று ஒதுங்கிவிடக்கூடும். வண்ணத்தையும் அலங்காரத்தையும் விடச் சுருதிச் சுத்தத்தைப் பார்த்து வாங்க வேண்டியது அதனால்தான்.