கர்ணனும் நாமும் – 11: இரண்டாவது அம்பு

சல்லியனைப் பற்றி எழுதுவதாகப் போன வாரம் சொல்லியிருந்தேன். எழுதவில்லை. யார் வந்து கேட்டாலும் ஏமாறுகிற ஒருவனை உத்தமன் என்று எப்படிச் சொல்வது என்ற சண்டையில் நின்றிருந்தோம், நினைவிருக்கும். நடுவில் முட்டுக்காடு வந்துவிட்டது.

தட்சிணசித்ராவில் கூத்து, கர்ண மோட்சம். வேஷம் கட்டுகிற இடத்தில் எட்டிப் பார்த்தேன். கர்ணனின் கிரீடம் பாயில் கிடந்தது. கேட்டுவிட்டுத் தூக்கினால், கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. கல்யாண முருங்கைக் கட்டை. கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டித்தான் அந்தக் கம்பீரம். புஜக்கட்டையைக் கட்டிவிட்ட பையன் முதுகில் முழங்காலை ஊன்றிக் கயிற்றை இழுத்தான். கர்ணன் ‘மெதுவாடா’ என்றார்.

விடிய விடிய ஆடவேண்டியதை இரண்டு மணி நேரத்தில் முடித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தையூர்க்காரர். அவர் வீட்டுக்காரரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு இதே கூத்தை வைத்தார்களாம். ‘அவரு செத்தப்பகூட நான் அப்படி அழல சார், கர்ணன் சாயறப்பதான் அழுதேன்’ என்றார். வட தமிழ்நாட்டில் இது வழக்கம்தான். செத்தவரை வழியனுப்ப, ஏமாற்றப்பட்டுச் செத்தவன் கதை.

வீட்டுக்கு வந்து வியாசரையும் வில்லிபுத்தூராரையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். தூக்கம் போயிற்று.

‘நாகாஸ்திரத்தை ஒரு தடவைக்கு மேல் விடாதே’ என்று குந்தி வரம் வாங்குகிறாளே, அது வியாசரில் இல்லை! நால்வரைக் கொல்ல மாட்டேன் என்ற வாக்கு மட்டும் உண்டு. காண்டவ வனத்தில் தாயைப் பறிகொடுத்த அசுவசேனன் என்ற பாம்பு, கர்ணனுக்கே தெரியாமல் அவன் அம்பில் புகுந்துகொள்கிறது. கிருஷ்ணன் தேரை அழுத்த, அர்ஜுனனின் கிரீடம் மட்டும் போகிறது. பாம்பு திரும்பி வந்து ‘இன்னொரு முறை விடு’ என்று கெஞ்சுகிறது. கர்ணன் மறுக்கிறான். இன்னொருவர் பலத்தில் ஜெயிக்க மாட்டேன், நூறு அர்ஜுனன் செத்தாலும் ஒரே அம்பை இரண்டாம் முறை தொடுக்க மாட்டேன் என்கிறான். அங்கே அது ரோஷம். வில்லியார் அதை எடுத்து, கிருஷ்ணன் சொல்லி அனுப்பிய அம்மாவுக்குக் கொடுத்த வாக்காக்கிவிட்டார். கடைசியில் கிருஷ்ணன் பிராமணனாக வந்து புண்ணியத்தைத் தானம் கேட்பதும் வில்லியாரில்தான். 1964-ல் பந்துலு படம் எடுத்தபோது இதெல்லாம் சிவாஜியின் முகத்தோடு ஒட்டிக்கொண்டது, இனி பிரிக்க முடியாது.

கவச குண்டலத்தையும் பாருங்கள். வருவது இந்திரன் என்று சூரியன் கனவில் வந்து சொல்லியாயிற்று. வியாசரின் கர்ணன், அப்பா சொன்னபடி, பதிலுக்குச் சக்தி ஆயுதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டே அறுத்துக் கொடுக்கிறான். பாதி தானம், பாதி பேரம். நம் ஊர்க் கர்ணனுக்குப் பேரம் பேசவே வராது.

ஆக, தமிழில் அவன் கூடுதலாக ஏமாற்றப்படுகிறான். அப்படி ஏமாற ஏமாறத்தான் நமக்கு உயர்ந்துகொண்டே போகிறான். தெரிந்தே கொடுக்கிறவனை ஏமாளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் சபையை என்ன செய்வது? வியாசரில் திரௌபதியை வேசி என்றவன் கர்ணன். துணியை உரி என்று துச்சாதனனுக்குச் சொன்னவனும் அவன்தான். அங்கே யாரும் மாறுவேஷத்தில் வரவில்லை, யாரும் வரம் கேட்கவில்லை. துரியோதனனைச் சந்தோஷப்படுத்தவே கடுஞ்சொல் பேசினேன், அதற்காக வருந்துகிறேன் என்று பின்னால் கிருஷ்ணனிடம் அவனே ஒத்துக்கொள்கிறான். அங்க நாட்டைக் கொடுத்தவன் முகம் மலர வேண்டுமே! இந்திரனுக்கும் குந்திக்கும் கொடுத்தது தன்னுடையது. சபையில் தூக்கிக் கொடுத்தது இன்னொருத்தியின் மானம். என் வழக்கு அந்த இடத்தோடுதான்.

தையூர் அம்மாவிடம் இதைக் கேட்டிருக்கலாம். அவர் ஊரில் திரௌபதியம்மன் கோயில் உண்டு, தீமிதியும் உண்டு என்று வேறு சொன்னார். அதற்குள் கேளம்பாக்கம் போகிற ஷேர் ஆட்டோ வந்துவிட்டது என்று ஓடிவிட்டார்.

ஆசிரியர் குழுவிலிருந்து மூன்றாவது போன். சல்லியன் அடுத்த வாரம், நிச்சயமாக. கர்ணனின் மனைவி பொன்னுருவி குறுக்கே வராமல் இருந்தால்.