துலிப் நம்ம ஊரில் வளருமா? சம்பங்கியில் எந்த ரகத்தை நம்பி நடலாம்?

மார்ச் கடைசி வந்தாலே ஸ்ரீநகர் துலிப் தோட்டத்து வீடியோக்கள் செல்போனில் சுற்ற ஆரம்பித்துவிடும். "இதை நம்ம தோட்டத்தில் போட்டால் என்ன?" என்ற கேள்வியும் கூடவே வரும்.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வெயிலில் அது நடக்காது. துலிப் கிழங்குக்கு சுமார் 3 மாதம் 9 டிகிரிக்கும் கீழே குளிர் கிடைத்தால்தான் பூத்தண்டு ஒழுங்காக நீளும். குளிரூட்டிய கிழங்கை வாங்கி நட்டாலும், நம்ம வெப்பத்தில் அடுத்த வருஷத்துக்கு அது உதவாது. மறுபடி காசு கொடுத்து வாங்கணும்.

அதே மாதிரி கிழங்கில் வருகிற, குளிரே கேட்காத பூ சம்பங்கி. மெக்சிகோவிலிருந்து வந்தது என்றாலும் இன்று நம்ம கோயில் மாலைகளில் அது இல்லாமல் முடியாது. புரட்டாசி சனிக்கிழமைகளில் திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். (கிரிவலத் திருவண்ணாமலை இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கும் மலைக்கோயில்.) அந்த மாதிரி நாட்களில் பூவுக்குத் தேவை எகிறும்.

ரகம் ஏன் முக்கியம்?

ஒருமுறை நட்டால் நடவுப் பயிர், அப்புறம் 2 மறுதாம்பு என சுமார் 3 வருஷம் அதே கிழங்குதான். ஹெக்டேருக்கு சுமார் 1,12,000 கிழங்கு தேவை. தப்பான ரகத்தை நட்டுவிட்டு, நடுவில் மாற்ற முடியாது.

முதலில் பூவை யாருக்கு விற்கப் போகிறோம் என்று முடிவு செய்யணும். மாலை கட்டுபவர்கள் கேட்பது உதிரிப்பூ. அதற்கு வாசனை தூக்கலான ஒற்றை அடுக்கு ரகம். பொக்கே, மேடை அலங்காரத்துக்குத் தண்டோடு வெட்டித் தரும் கொய்மலர் என்றால் பல அடுக்கு ரகங்களான சுவாசினி, வைபவ். பார்க்க இவை அழகுதான். ஆனால் பக்கத்தில் பொக்கே கடை இல்லாத ஊரில், அழகை மட்டும் நம்பி பல அடுக்கு ரகத்தில் இறங்குவது ரிஸ்க்.

இரண்டுக்கும் ஒத்துவருவது பிரஜ்வல். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், சிருங்கார் ரகத்தையும் மெக்சிகன் சிங்கிளையும் சேர்த்து உருவாக்கியது. ஒற்றை அடுக்குதான், ஆனால் பூ பெரிசு. உதிரிப்பூ மகசூல் சிருங்காரைவிட சுமார் 20% அதிகம் என்கிறது அந்த நிலையம். பூ கிலோ கணக்கில் விற்கும் சந்தையில் இது சின்ன விஷயம் இல்லை.

அப்போ சிருங்கார் வேண்டாமா? அப்படி ஒதுக்கிவிட முடியாது. சம்பங்கிக்குப் பெரிய எதிரி வேர் முடிச்சு நூற்புழு. வேரில் முண்டு முண்டாக வந்து செடி வெளுத்துப்போகும். இந்தப் புழுவைத் தாங்கும் குணம் சிருங்காருக்கு உண்டு. ஏற்கெனவே தக்காளி, கத்தரி வேரில் முடிச்சு பார்த்த நிலம் என்றால், மகசூல் கணக்கைவிட இதைத்தான் முதலில் யோசிக்கணும்.

கிழங்கு வாங்கும்போது...

நல்ல ரகமும் கலப்படக் கிழங்கால் கெடும். கிழங்காக இருக்கும்போது ரகத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் விற்பவரின் தோட்டத்தைப் பூத்திருக்கும்போதே போய்ப் பார்ப்பது நல்லது. ஒரு செடியைப் பிடுங்கி வேரையும் பார்த்துவிடலாம். கிழங்கு 25 முதல் 30 கிராம் எடை இருக்கணும். தோண்டி எடுத்த உடனே நடாமல் ஒரு மாதம் ஆறவிட்டு, ஜூன், ஜூலையில் 45 x 20 செ.மீ. இடைவெளியில் நடலாம். சுமார் 3 மாதத்தில் பூ வர ஆரம்பிக்கும்.