ஆர்கெஸ்ட்ராவை மீறி ஒலிக்கும் ஒற்றை ட்ரம்பெட்

தனி ட்ரம்பெட் கலைஞர் ஒருவரும் முழு ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பதற்கென்று எழுதப்படும் படைப்புக்கு ட்ரம்பெட் கான்செர்ட்டோ என்று பெயர். வயலின், செல்லோ, குழல், முரசு என்று நாற்பது ஐம்பது பேர் மேடையில் இருப்பார்கள். ஒலிபெருக்கி இருக்காது. இருந்தும், இசை நடத்துநருக்கு அருகில் நிற்கும் ஒருவரின் வாசிப்பு கடைசி வரிசைவரை பிசிறில்லாமல் போய்ச் சேர்கிறது. ஊதுபவரின் பலம் மட்டுமே இதற்குக் காரணமல்ல. குழாயின் வடிவம், காதின் இயல்பு, அரங்கின் சுவர்கள் மூன்றுக்கும் இதில் பங்கு உண்டு.

ஒலி உதட்டில் தொடங்குகிறது. ட்ரம்பெட்டில் சீவாளி கிடையாது. ஊதுவாயில் அழுத்தி வைத்த உதடுகளே அந்த வேலையைச் செய்கின்றன. 440 ஹெர்ட்ஸ் சுரம் வேண்டுமானால் அவை நொடிக்கு 440 முறை திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு திறப்பிலும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடி, மறுமுனையில் விரியும் மணிவாயை அடைகிறது. அதில் ஒரு பகுதிதான் வெளியேறும். மீதி திரும்பி வந்து உதட்டின் அடுத்த அசைவை ஒழுங்குபடுத்தும். நாகஸ்வரத்தின் அணசைப் போல விரிந்திருக்கும் இந்த மணிவாய், தாழ்ந்த அதிர்வெண்களைப் பெரும்பாலும் உள்ளேயே திருப்பிவிட்டு, உயர்ந்தவற்றை எளிதாக வெளியே விடுகிறது. ட்ரம்பெட்டின் பளிச்சென்ற குரலுக்கு முதல் காரணம் இதுதான்.

குழாயின் நீளம் மாறாதவரை உதடு எல்லாச் சுரங்களையும் எழுப்பிவிட முடியாது. குழாய் ஏற்றுக்கொள்ளும் சீரிசைகள், அதாவது ஓர் அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்குகள், மட்டுமே நிலைக்கும். நம் சுரப் பெயர்களில் சொன்னால், கீழிருந்து ச, ப, மேல் ச, க, ப என்று அவை தாவித் தாவி ஏறுகின்றன. எட்டாவது சீரிசைக்கு மேல்தான் ச, ரி, க என அடுத்தடுத்த சுரங்கள் கிடைக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் ட்ரம்பெட் வெறும் குழாயாகவே இருந்ததால், மெட்டு வாசிக்க விரும்பியவர் உதட்டை வாட்டும் அந்த உச்சிக்கு ஏறியே தீரவேண்டியிருந்தது. கீழே அறிவிப்பு முழக்கங்களுக்கு மட்டுமே இடம் இருந்தது.

இந்தத் தடையை உடைக்க முயன்றவர்களில் வியன்னாவின் ட்ரம்பெட் கலைஞர் ஆன்டன் வைடிங்கர் முக்கியமானவர். குழாயில் துளைகள் வைத்து, அவற்றைச் சாவிகளால் மூடித் திறக்கும் ட்ரம்பெட்டை அவர் கையாண்டார். துளை திறந்தால் குழாயின் பயன்படும் நீளம் குறைந்து சுரம் உயரும். அவருக்காகவே இசையமைப்பாளர் ஜோசப் ஹேடன் 1796இல் தன் ட்ரம்பெட் கான்செர்ட்டோவை எழுதினார். அது மேடையேறியது 1800 மார்ச் 28 அன்று, வியன்னாவின் புர்க் தியேட்டரில். ஹேடனின் துணிச்சல் இரண்டாம் பகுதியில் நன்றாகத் தெரிகிறது. பழைய ட்ரம்பெட்டால் நினைத்தும் பார்க்க முடியாத நடு ஸ்தாயியில், அரைச் சுரங்கள் நெருங்கி வரும் மென்மையான மெட்டை அவர் அந்தக் கருவியிடம் ஒப்படைத்தார். போர்க்களத்து முழக்கத்துக்குப் பழகிய பித்தளை அங்கே பாடத் தொடங்கியது. இசைக்கருவிகளின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான திருப்பத்தைக் காட்டுவது கடினம்.

சாவி ட்ரம்பெட்டுக்கு ஒரு குறை இருந்தது. துளை வழியே ஒலி கசிந்ததால் சில சுரங்கள் மங்கின. ஹைன்ரிக் ஸ்டோல்ட்செலும் ஃப்ரீட்ரிக் ப்ளூமெலும் 1818இல் பிரஷ்யாவில் காப்புரிமை பெற்ற வால்வு இதைத் தலைகீழாக அணுகியது. வால்வை அழுத்தினால் கூடுதல் குழாய்த் துண்டு ஒன்று காற்றின் வழியில் சேரும். குழாய் நீண்டு சுரம் இறங்கும். இன்றைய ட்ரம்பெட்டின் மூன்று வால்வுகள் இப்படித்தான் எல்லாச் சுரங்களையும் தருகின்றன. இதிலும் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. நடு வால்வு நீளத்தை ஏறத்தாழ 6 சதவீதமும், முதலாவது 12 சதவீதமும், மூன்றாவது 19 சதவீதமும் கூட்டுகின்றன. மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 37 சதவீதம் வரும். ஆனால் ஆறு அரைச் சுரம் இறங்குவதற்கு 41 சதவீதத்துக்கு மேல் தேவை. சுரம் சற்று உயர்ந்து நிற்கும். அதனால்தான் கலைஞரின் இடது கை விரல், ஒரு வளையத்தைப் பிடித்து மூன்றாம் வால்வின் குழாயை அவ்வப்போது வெளியே தள்ளுகிறது. முன்வரிசையில் இருப்பவர்கள் இந்தச் சிறு அசைவைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ட்ரம்பெட் உரக்க ஒலிக்கும்போது அதன் குரலே மாறுகிறது. மெல்ல ஊதினால் சீரிசைகள் குறைவு; ஒலி உருண்டையாக இருக்கும். ஓங்கி ஊதும்போது குழாய்க்குள் ஓடும் அலையில் அழுத்தம் மிகுந்த பகுதி சற்று வேகமாகவும், அழுத்தம் குறைந்த பகுதி மெதுவாகவும் நகர்கின்றன. அலையின் முகம் செங்குத்தாகி, புதிய உயர் சீரிசைகள் பிறக்கின்றன. பித்தளைக்கே உரிய அந்தக் கூர்மை உலோகத்திலிருந்து வருவதைவிட உள்ளே இருக்கும் காற்றிலிருந்தே அதிகம் வருகிறது. பதிவைக் குறைந்த சத்தத்தில் கேட்டாலும் கலைஞர் ஓங்கி ஊதினாரா, மெல்ல ஊதினாரா என்று காது கண்டுகொள்வதும் இதனால்தான்.

ஆர்கெஸ்ட்ராவின் ஒலி ஆற்றல் 500 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் குவிந்து, அதற்கு மேலே சரிகிறது. மனிதக் காதோ 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை மிகுந்த கூர்மை கொண்டது. ஓங்கிய ட்ரம்பெட்டின் உயர் சீரிசைகள் போட்டி குறைந்த இந்த இடத்தில் போய் அமர்கின்றன. தனிக் குரல் மூழ்காமல் தப்புவது இங்கேதான்.

இத்துடன் திசையும் சேர்கிறது. மணிவாயின் விட்டம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். 3000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்த அளவிலும் இதற்கு மேலும் உள்ள அதிர்வெண்கள் பரவலாகச் சிதறாமல் மணிவாய் பார்க்கும் திசையிலேயே செல்கின்றன. தாழ்ந்தவை எல்லாப் பக்கமும் பரவும். அதனால் நேர் எதிரே அமர்ந்தவருக்கு ஒலி மின்னும். பக்கவாட்டில் இருப்பவருக்கு அதே சுரம் சற்று மழுங்கிக் கேட்கும்.

அங்கிருந்து அரங்கின் பங்கு தொடங்குகிறது. ஹார்வர்டின் இயற்பியலாளர் வாலஸ் சபைன், அரங்கின் கன அளவும் ஒலியை உறிஞ்சும் பரப்புகளும் எதிர்முழக்க நேரத்தை, அதாவது ஒலி அடங்க எடுக்கும் நேரத்தை, தீர்மானிக்கின்றன என்று அளந்து காட்டினார். 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கு அவருடைய ஆலோசனையில் உருவானது. வியன்னாவில் 1870 முதல் இயங்கும் முசிக்ஃபெரைன் தங்க அரங்கில், ஆட்கள் நிறைந்திருக்கும்போது இந்த நேரம் சுமார் 2 நொடி. ரசிகர்களின் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுவதால், காலி அரங்கில் நடந்த ஒத்திகையும் நிறைந்த அரங்கின் கச்சேரியும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை.

வெப்பமும் குறுக்கிடும். ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடும். ட்ரம்பெட்டின் சுருதியும் உடன் ஏறும். ஆர்கெஸ்ட்ரா தனியே வாசிக்கும் நேரங்களில் கலைஞர் சத்தமில்லாமல் குழாய்க்குள் மூச்சு விடுவது அதைச் சூடாகவே வைத்திருக்கத்தான். மூச்சின் ஈரம் உள்ளே நீராகத் திரள்வதால், சிறு திறப்பு வழியே அதையும் வெளியேற்றுவார். அந்த இடைவெளிகள் உதட்டுக்கும் தேவை. ஊதுவாயின் விளிம்பு அழுத்திக்கொண்டே இருந்தால் உதட்டின் ரத்த ஓட்டம் குறைந்து தசை தளரும். முதலில் கைவிட்டுப் போவது உச்ச சுரங்களே.

ஹேடனின் கான்செர்ட்டோவில், முதல் பகுதியின் முடிவுக்குச் சற்று முன் ஆர்கெஸ்ட்ரா நின்று, ட்ரம்பெட் மட்டும் தொடரும். இந்தத் தனி வாசிப்புக்கு கடென்சா என்று பெயர். ஹேடன் இதற்குச் சுரம் எழுதவில்லை. இடம் மட்டும் விட்டார். ஆகவே ஒவ்வொரு கலைஞரும் தம்முடையதை வாசிக்கிறார். வழக்கமாக அது அடுத்தடுத்த இரு சுரங்கள் விரைவாக மாறிமாறி ஒலிக்கும் ஒரு நடுக்கத்தில் முடியும். அதைக் கேட்டதும் இசை நடத்துநர் கையசைக்க, வயலின்கள் மீண்டும் சேர்ந்துகொள்ளும்.