தாழ்ந்த வாசற்படி

வாசற்படி இல்லத்தின் உறுப்புக்களுள் ஒன்று. வருவாரை உள்ளே விடுதற்கும் அது உளது. வேண்டாதாரை வெளியே நிறுத்துதற்கும் அது உளது. படி உயர்ந்தால் மழைநீர் புகாது. ஆயின், முடவனும் முதியோனும் புகுதல் அரிதாகும். எத்துணை உயரம் வேண்டுமென்பதை வீடு கட்டுவோன், யார் வருவார் யார் வரலாகாது என்று எண்ணியே தீர்மானிக்கின்றான்.

சுவிற்சர்லாந்திலே ஜெர்மன் மொழி பேசுவோரிடையே 'தாழ்ந்த வாசற்படியுடைய உதவி' என்றொரு தொடர் வழங்குகின்றது. போதைப்பொருளுக்கு அடிமைப்பட்டாருக்குச் செய்யும் மருத்துவ உதவியையும் சமூக உதவியையும் பற்றியது அது. 'இனித் தொடேன்' என்னும் உறுதிமொழியையோ நல்லொழுக்கச் சான்றையோ முதற்கண் கேளாது, வந்தவனை வந்தபடியே ஏற்றுக்கொள்ளும் உதவி என்பது அதன் பொருள். இச்சிறு தொடரின் பொருளைச் சூரிச் நகரம் பெருவிலை கொடுத்தே கற்றது. அவ்வரலாறு ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் பயன்படுவதாகலின், ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சூரிச் நகரின் பிரதான புகையிரத நிலையத்துக்கு அணித்தாக, தேசிய நூதனசாலையின் பின்புறத்தே, சீல், லிம்மாற் என்னும் ஆறுகள் இரண்டும் கூடுமிடத்தில் பிளாற்ஸ்பிற்ஸ் என்னும் பூங்கா உளது. இலக்கிய அன்பர்கள் அறிந்த ஜேம்ஸ் ஜோய்ஸ் 1941ஆம் ஆண்டில் அந்நகரிலேயே காலமானவர். இக்கூடல் அவர் விரும்பி உலாவிய இடம். நம்மவர் பல்லாயிரவர் இன்று அந்நாட்டிற் குடியிருக்கின்றனர். அவருட் பலரும் அம்மரநிழலில் இளைப்பாறியிருத்தல் கூடும்.

1980ஆம் ஆண்டுகளின் பிற்கூற்றில் அப்பூங்கா வேறொரு பெயர் பெற்றது. 'ஊசிப் பூங்கா' என உலகப் பத்திரிகைகள் அதனை அழைத்தன. ஹெரோயின் வாங்கவும், அதனை ஊசி வழியே நரம்பில் ஏற்றவும், நாள்தோறும் நூற்றுக்கணக்கானோரும் சிற்சில காலங்களில் அதனின் மிக்கோரும் அங்கே கூடினர். அவருள் இளைஞரே பலர். அயலூர்களிலிருந்து வந்தோரும் பலர்.

செல்வம் மிக்க நாட்டிலே, சிறந்த ஆஸ்பத்திரிகள் நிறைந்த நகரிலே, அவ்விளைஞர் மருந்தின்றி மடிந்தது எவ்வாறு? ஆஸ்பத்திரி இருத்தல் வேறு. அதனை அடைதல் வேறு. பெயரும் முகவரியும் கேட்குமிடத்தில், முகவரி இல்லாதவன் நாணி நிற்பான். காலை எட்டு மணிக்கு வரிசையில் நிற்கவேண்டுமெனின், இரவெல்லாம் நடுக்கங்கொண்டு துயிலாதவன் அங்கு வாரான். உண்மையைச் சொன்னால் பொலிசார்க்குச் செய்தி போகுமென்று அஞ்சுபவன், புண்ணை மறைப்பான். வந்தவனை மேலுங்கீழுமாக நோக்கும் ஒரு பார்வையே போதும். அவன் மறுமுறை வாரான். சுவரிற் சட்டமாக எழுதப்படாத இப்படிகளே யாவற்றினும் உயர்ந்த படிகள்.

எழுதப்பட்ட படியும் ஒன்று இருந்தது. ஒருவர் பாவித்த ஊசியை மற்றொருவர் பாவித்தலால் எயிட்ஸ் நோய்க்கிருமி பரவிய காலம் அது. தூய ஊசி கொடுத்தல் போதைக்கு உடந்தையாதலே என்று கருதிய சூரிச் மாநில அதிகாரம், 1985ஆம் ஆண்டில் அதனைத் தடுத்தது. கொடுக்கும் வைத்தியர் தொழிலுரிமை இழக்கவும் நேரிடும் என எச்சரித்தது. வைத்தியர் பலர் கையெழுத்திட்டு மறுத்தெழுந்தனர். 1986இல் தடை நீங்கிற்று. அதே ஆண்டிற் பேர்ண் நகரில், வைத்திய உதவி அருகிருப்ப இவர்கள் ஊசியேற்றிக் கொள்ளுதற்கென ஓரிடம் திறக்கப்பட்டது.

1988ஆம் ஆண்டின் இறுதியிற் பீற்றர் குறொப் என்னும் வைத்தியப் பேராசிரியரின் தலைமையில் ஒரு குழுவினர் பிளாற்ஸ்பிற்ஸ் பூங்காவினுள்ளேயே சென்றமர்ந்தனர். பாவித்த ஊசியை வாங்கிப் புதியதைக் கொடுத்தனர், புண்ணுக்கு மருந்திட்டனர், ஈரல் அழற்சிக்குத் தடுப்பூசி ஏற்றினர், அளவு மிகுந்து மூச்சடங்கிக் கிடந்தாரை எழுப்பினர். நாளொன்றுக்குப் பல்லாயிரம் ஊசிகள் அங்கே கைமாறின. நோயாளன் ஆஸ்பத்திரிக்கு வாராதவிடத்து, ஆஸ்பத்திரி நோயாளனிடம் சென்றது.

இது கொண்டு அக்காட்சி இனிதாயிற்று என்று கருதற்க. களவும் அடிதடியும் மலிந்தன; சாவும் ஓயவில்லை. நகரமக்கள் பொறுமையிழந்தனர். 1992ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் திகதி பூங்கா பூட்டப்பட்டது. ஆயின், உள்ளிருந்தார் போதற்குப் போதிய வேறிடங்கள் அமைக்கப்பட்டில. அவர்கள் அயலிலுள்ள வீதிகளிலும், வீடுகளின் படிக்கட்டுகளிலும் சிதறி, ஈற்றிற் கைவிடப்பட்ட லெற்றென் புகையிரத நிலையத்திற் கூடினர். கூட்டம் இடம்மாறிற்று, நோய் மாறவில்லை.

மூன்றாண்டின் பின், 1995 பெப்ரவரியில், லெற்றென் பூட்டப்பட்டபோது நிலைமை வேறாயிருந்தது. அதற்குள் நகரின் பல பாகங்களில் உதவி நிலையங்கள் எழுந்திருந்தன. அங்கே குளிக்கலாம், சூடான உணவு கொள்ளலாம், புண்ணைக் காட்டலாம், இரவில் உறங்க இடம் கேட்கலாம். ஹெரோயினுக்கு மாற்றாகிய மெதடோன் மருந்து பலர்க்கும் எளிதிற் கிடைத்தது. மற்றைச் சிகிச்சைகளாற் பயன் பெறாதார்க்குத் தாதியர் முன்னிலையில் ஹெரோயினையே அளவறிந்து கொடுக்கும் பரிசோதனை 1994இல் தொடங்கிற்று. நகர சபையின் சமூகநலப் பொறுப்பை 1970 முதல் வகித்த எமிலி லீபர்ஹெர் அம்மையார் இதற்காக வாதாடியவர்களுள் ஒருவர். மத்திய அரசில் அமைச்சராயிருந்து, பின்னர் 1999இல் அந்நாட்டின் முதற் பெண் ஜனாதிபதியான ரூத் டிறைபுஸ் அம்மையார் இக்கொள்கையை நாடளாவ நிலைநிறுத்தினார்.

தடுத்தல், குணப்படுத்தல், தீங்கு குறைத்தல், சட்டத்தை நடைமுறைப்படுத்தல் என்னும் நான்கு தூண்களின்மேல் அக்கொள்கை நின்றது. வியாபாரியைப் பொலிசார் தொடர்ந்து பிடித்தனர். போதையற்ற வாழ்வையே ஏக குறிக்கோளாக வற்புறுத்திய பிரேரணையொன்றை 1997இல் வாக்காளருள் நூற்றுக்கு 70 பேரளவில் நிராகரித்தனர். எல்லாப் போதைப்பொருளையும் சட்டபூர்வமாக்கக் கோரியதொன்றை 1998இல் நூற்றுக்கு 74 பேரளவில் நிராகரித்தனர். நான்கு தூண்களைச் சட்டமாக்கியதை 2008இல் நூற்றுக்கு 68 பேர் ஏற்றனர். விளைவு யாதெனின், சூரிச் மாநிலத்தில் 1990இல் 850 ஆக மதிக்கப்பட்ட புதிதாய் ஹெரோயின் பழகுவோர் தொகை 2002இல் 150 ஆகக் குறைந்ததென 2006இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. உதவி செய்தல் இளைஞரைக் கெடுக்கும் என்று அஞ்சினார்க்கு இது தக்க விடை.

குறைகளும் உள. ஹெரோயின் வழங்கும் சிகிச்சையிற் சேர்வோர் 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். இரண்டாண்டாயினும் அடிமைப்பட்டு, வேறு சிகிச்சைகளை முயன்று தோற்றிருத்தல் வேண்டும். இவ்விதிகளுக்கு நியாயம் உண்டு. எனினும், பதினாறு வயதினன் ஒருவன் தன் வாழ்வில் மிகுந்த ஆபத்துடைய ஆண்டுகளிலே மிக உயர்ந்த படிகளையே எதிர்கொள்கின்றான். அன்றியும், நகரின் நடுவே இருந்த உதவி நிலையமொன்று இடம்மாறியபின், 2023ஆம் ஆண்டில் வேறொரு பூங்காவிற் கூட்டம் மீண்டும் கூடிற்று. நகர சபை மீண்டும் அண்மையில் ஓரிடம் திறக்க வேண்டியதாயிற்று. வாயில் சிறிது தொலைவாயினும் அது படி உயர்ந்தமையோடு ஒக்கும்.

திருக்குறளிலே கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். மருந்து 95ஆம் அதிகாரம். கள்ளைக் கடுமையாகக் கடிந்த வள்ளுவர், ஓரதிகாரம் கடந்ததும் நோயாளன் பக்கல் வந்துவிடுகின்றார். மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்குமிடத்து, நோயுற்றவன், வைத்தியன், மருந்து என்னும் மூன்றோடு 'உழைச்செல்வான்' என ஒருவனையும் வைத்தார். 'உழை' என்பது பக்கம், இடம் எனப் பொருள்படும். நோயாளன் பக்கலிற் செல்பவன் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். பண்டித வகுப்பில் இச்சொல்லுக்குப் பல ஆண்டுகளாகப் பொருள் கூறி வந்தேன். கூறியதன்றி அதன்வழி நின்றேனல்லேன் என்பதையும் இங்குச் சொல்லிவிடுதல் கடன்.

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் யாப்பிலே மிகவல்லவன். வேலை தேடி நகருக்குச் சென்றவிடத்து ஹெரோயினுக்கு அடிமையானான். அவன் தந்தையார் ஒருநாள் மாலையில் என் வீட்டுப் படலையடியில் வந்து நின்று, "ஐயா, அவன் உங்கட சொல்லைத்தான் கேப்பான். ஒருக்கால் கதைச்சுப் பாருங்கோ" என்றார். "முதலில் அதை விடட்டும், விட்டபின் கூட்டி வாருங்கோ, கதைப்பம்" என்றேன். நல்லதொரு நீதி உரைத்ததாகவே அன்று எண்ணினேன். அவன் விடவுமில்லை; வரவுமில்லை. வீதியிற் கண்டால் அத்தந்தையார் தலையசைத்துச் செல்வார். மகனைப்பற்றி அவர் ஒன்றுஞ் சொல்லார். யானுங் கேட்கத் துணிந்திலேன்.

நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், தானே விரும்பிச் சிகிச்சை பெறுதல், கட்டாயத்தாற் பெறுதல் என்னும் இருவழிகளையும் வகுத்துள்ளது. முதல் வழியில் ஓர் இளைஞன் அடியெடுத்து வைப்பதற்குச் சட்டம் மட்டும் போதாது. அவன் நம்பிப் பேசக்கூடிய ஒருவர் வேண்டும். ஊர்தோறும் அத்தகையோராய் இருத்தற்கு வாய்ப்புடையார் ஆசிரியர். வகுப்பில் ஒருவன் வரவு குறைந்து, முகம் வாடி, பழைய நண்பரை விட்டு விலகும்போது முதலிற் காண்பவரும் அவரே. அவ்வேளையில் நாம் கூறும் முதற்சொல் நிபந்தனையாயின், இரண்டாஞ் சொல்லைக் கேட்க அவன் நில்லான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அத்தந்தையார் வீட்டுக்குப் போவதாக உள்ளேன். அன்று அவர் என் படலையடியில் நின்றார். இம்முறை அவர் படலையடியில் நிற்கவேண்டியவன் யானே.